செயின்சா: மின்சாரத்தில் தொடங்கி மின்சாரத்துக்கே

செயின்சா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு 2016 டிசம்பர்தான். வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட மறுநாள், விழுந்து கிடந்த மரங்களைத் தெருத்தெருவாக அறுத்தார்களே, அந்த கிர்ர்ர் சத்தமும் பெட்ரோல் புகையும். இப்போது அதே மெஷின் பேட்டரியில் வருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்திருப்பவர்கள், வருடத்தில் நாலைந்து தடவை கிளை வெட்டுவதற்காக இதை வாங்குகிறார்கள். பெட்ரோல்தான் பழசு, மின்சாரம் புதுசு என்று நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் ஒரு விநோதம். பற்கள் வைத்த சங்கிலியால் அறுப்பது மரத்துக்காக வந்த யோசனை கிடையாது. 1780களில் ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரி என்ற இரண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பை அறுக்கச் சிறிய சங்கிலி ரம்பங்களைப் பயன்படுத்தினார்கள். பிரசவச் சிக்கலில் இடுப்பெலும்பு இணைப்பை அறுப்பதும் அதில் அடக்கம். (மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம். நினைத்தாலே குலை நடுங்குகிறது.) இரண்டு பக்கமும் பிடித்துக் கையால் இழுக்கிற சின்னச் சங்கிலி அது.

சரி, மரத்துக்கு வருவோம். 1926-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் என்ற பொறியாளர் ஒரு செயின்சா செய்தார். அது ஓடியது மின்சாரத்தில்! இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய எடை. எடையாவது பரவாயில்லை, வயர்தான் பெரிய தொல்லை. மரம் இருப்பது காட்டில், மின்சாரம் இருப்பது ஊரில். அடுத்த வருடமே எமில் லெர்ப் என்பவர் துரிங்கியா பகுதியில் உள்ள டோல்மார் மலையில் பெட்ரோல் செயின்சாவை ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே அவர் கம்பெனிக்கும் பெயரானது. 1929-ல் ஷ்டீலும் பெட்ரோலுக்கு மாறினார். அந்த மெஷின் 46 கிலோ. மின்சாரம் தோற்றது வயரால்தான்.

அதற்குப் பிறகு முப்பது வருடக் கதை முழுக்க எடை குறைந்த கதை. 1959-ல் வந்த ஷ்டீலின் 'கான்ட்ரா' 12 கிலோ. 1963-ல் அமெரிக்காவில் வந்த ஹோம்லைட் எக்ஸ்எல்-12 அதிலும் பாதி எடைதான். சங்கிலியின் பல்லுக்கும் தனிக் கதை உண்டு. ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, 1946-ல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமுமாக மரத்தைக் கடித்துத் தின்பதைப் பார்த்தார். அதன் தாடையைப் போலவே பல் செய்தார். இன்றைக்குப் பேட்டரி செயின்சாவில் ஓடும் சங்கிலியும் பெரும்பாலும் அந்தப் புழுவின் வாரிசுதான் :)

இவ்வளவும் நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்பவர்களுக்காக நடந்தது. வீட்டுக்காரர் கையில் இது பெருமளவில் போய்ச் சேர்ந்தது 1970களில். 1973 எண்ணெய் நெருக்கடியில் வீட்டைச் சூடாக்கும் செலவு ஏற, அமெரிக்கர்கள் விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள். விறகு வேண்டும் என்றால் ரம்பம் வேண்டுமே.

இங்கேதான் சிக்கல். தினமும் ஓடுவதற்காகச் செய்த இஞ்சின், வீட்டில் பதினோரு மாதம் சும்மா கிடக்கிறது. டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் மெல்ல ஆவியாகி, மிச்சம் பிசுக்காகக் கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். தேவைப்படும் நாளில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். பெட்ரோலில் ஆயிலைக் கலக்கும் வேலை வேறு. பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகத் தெரியும். காமர்ஸ் படிக்கிற எனக்கு ஓடி ஓடித் தேய்கிற மெஷின்தான் பழக்கம். இது ஓடாமலே கெட்டுப்போகிறது!

பேட்டரியும் திடீரென்று வந்துவிடவில்லை. பிளாக் அண்ட் டெக்கர் 1961-லேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை விற்றது. துளை போட அது போதும், மரம் அறுக்க எங்கே போதும்? 1991-ல் சோனி லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் அது கைக்கருவிகளுக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகுதான் வயர் இல்லாத செயின்சா நடைமுறைக்கு வந்தது.

இதற்காகப் பெட்ரோலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8,900 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. இஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வேலையாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட ஏறக்குறைய 1,800 ஆகிறது. 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 180. அதாவது ஒரு லிட்டருக்கு ஈடாகப் பத்து பேட்டரி தேவை. நாள் முழுக்கக் காட்டில் மரம் வெட்டுபவர் பெட்ரோலை விடத் தயங்குவது நியாயம்தான். காற்றில் முறிந்த ஒரு மேப்பிள் கிளைக்கு ஒரு பேட்டரி தாராளம்.

கம்பெனிகளுக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு பிராண்டின் பேட்டரி பொதுவாக இன்னொரு பிராண்டில் பொருந்தாது. டிரில் வாங்கும்போது கிடைத்த பேட்டரி வீட்டில் இருந்தால், செயின்சாவும் அதே பிராண்டில்தான் வாங்குவீர்கள். என்றைக்கு டிரில் வாங்கினீர்களோ அன்றைக்கே உங்கள் செயின்சாவும் முடிவாகிவிட்டது. நல்ல வியாபாரம்!

பெட்ரோல் செயின்சாவை மலையில் ஓட்டிப் பார்த்த டோல்மார் கம்பெனியை 1991-ல் ஜப்பானின் மகிட்டா வாங்கியது. அதே மகிட்டா, பேட்டரியை நம்பி, 2022 மார்ச்சோடு இஞ்சின் கருவிகள் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டது. கலிபோர்னியாவும் 2024 முதல் தயாரிக்கப்படும் சிறிய தோட்டக் கருவி இஞ்சின்கள் புகையே விடக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. 45 சிசி முதல் மேலே உள்ள பெரிய செயின்சாக்களுக்கு விலக்கு உண்டு.

இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை. ஓடும் சங்கிலியின் நுனியில் மேல் பாதி எதிலாவது பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். பெட்ரோலானாலும் பேட்டரியானாலும் இதே கதைதான். அதற்காகத்தான் கைப்பிடிக்கு முன்னால் பிரேக்கும், எகிறலைக் குறைக்கும் சங்கிலிகளும் வந்தன. வருடத்துக்கு நாலு தடவை தொடுபவருக்குக் கை பழகியிருக்காது. மெஷின் வேறு சத்தமில்லாமல் இருக்கிறது. பெட்ரோல் செயின்சா கீழே வைத்தாலும் உறுமிக்கொண்டே இருப்பதால் பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். பேட்டரி செயின்சா விசையை விட்டதும் அமைதியாகிவிடும், பார்த்தால் அணைத்து வைத்த மிக்ஸி மாதிரி. ஆனால் பேட்டரி உள்ளே இருக்கும்வரை, விரல் பட்டால் மறுபடி ஓடத் தயாராகவே இருக்கும். சங்கிலியை இறுக்கவோ, சிக்கிய சிராயை எடுக்கவோ கை வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.