தேற்றாங்கொட்டை முதல் நானோ துகள் வரை: திருவண்ணாமலையை முன்வைத்து ஒரு குடிநீர் வரலாறு

முன்னுரை

திருவண்ணாமலை நெருப்புத் தலமாகப் போற்றப்படினும், அந்நகரின் வாழ்வு நீர்நிலைகளைச் சார்ந்தே அமைந்தது. அருணாசலேசுவரர் கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம தீர்த்தமும், வெளியே ஐயங்குளமும், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை ஒட்டிப் பல குளங்களும் உள்ளன. பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்திலும் இலட்சக்கணக்கானோர் கூடும் இந்நகருக்கு நீரின் அளவைப் போலவே அதன் தூய்மையும் இன்றியமையாதது. நீரைத் தெளிவித்த மரபுப் பொருள் தொடங்கிச் சென்னையில் உருவான நானோ பொருள்கள் வரையிலான வளர்ச்சியையும், அது இந்நகருக்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தெளிவும் தூய்மையும்

கலங்கிய நீரைத் தெளியவைக்க, மட்கலத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைப்பது தமிழர் வழக்கம். கலித்தொகை இதனை உவமையாக ஆள்வதால் இவ்வறிவின் தொன்மை விளங்கும். விதையிலிருந்து கரையும் பொருள்கள், நீரில் மிதக்கும் மண்துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படியச் செய்கின்றன. எனினும் இம்முறை கண்ணுக்குப் புலனாகும் கலங்கலையே முதன்மையாக நீக்குகிறது. கரைந்துள்ள பூச்சிக்கொல்லியும் ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் தெளிந்த நீரிலும் எஞ்சியிருக்கக்கூடும். எனவே தெளிவு வேறு, தூய்மை வேறு.

கரைந்த மாசும் நானோ பொருளும்

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு பொருளை இவ்வளவினதாகச் சிறுத்தால், அதே எடைக்கு அதன் மேற்பரப்பு பன்மடங்கு பெருகும். மாசு ஒட்டுவதும் வேதிவினை நிகழ்வதும் மேற்பரப்பிலேயே ஆதலின், இப்பெருக்கமே இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை.

2003ஆம் ஆண்டு, தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் புட்டிநீரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதை வெளியிட்டபோது, கரைந்த மாசு நாடு தழுவிய விவாதமாயிற்று. அதே ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தலாப்பில் பிரதீப் குழுவினர், தங்கம், வெள்ளி ஆகியவற்றின் நானோ துகள்களால் எண்டோசல்பானை நீரிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்று காட்டினர். எண்டோசல்பான் படியும்போது தங்கத் துகள்களின் சிவப்பு நிறம் நீலமாக மாறியது. இவ்வாறு ஒரே பொருள் மாசைக் கண்டறியும் உணரியாகவும் அதனை அகற்றும் வடிகட்டியாகவும் பயன்பட்டது. இவ்வாய்வின் வழிவந்த வீட்டு வடிகட்டி 2007இல் சந்தைக்கு வந்தது.

அடுத்த சிக்கல் நுண்ணுயிர்கள். வெள்ளி அயனி அவற்றை அழிக்கும். ஆயின் நீரிலுள்ள உப்புகள் துகளின்மேல் படிந்து, அயனி வெளியேறுவதைத் தடுக்கும். அலுமினிய ஆக்சி ஹைட்ராக்சைடையும் கைட்டோசானையும் இணைத்து, வெள்ளியைச் சீராக வெளியிடும் மணல் போன்ற கலவையை இக்குழு உருவாக்கி 2013இல் வெளியிட்டது. அது மின்சாரமின்றி இயங்கியது. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 2.5 டாலர் செலவு எனக் கணக்கிடப்பட்டது. ஆர்சனிக்கை நீக்க இரும்பு ஆக்சி ஹைட்ராக்சைடு சார்ந்த 'அம்ரித்' உருவாகி, மேற்கு வங்கம் உள்ளிட்ட பகுதிகளில் பயன்பாட்டுக்கு வந்தது.

திருவண்ணாமலைக்குப் பொருந்துவது

மேற்கு வங்கத்தின் ஆற்றுப்படிவு நிலத்தில் ஆர்சனிக் முதன்மைச் சிக்கல். திருவண்ணாமலையோ கடும்பாறை நிலம். இத்தகைய நிலத்தின் நிலத்தடி நீரில் கடினத்தன்மையும், சில இடங்களில் ஃபுளோரைடும் மிகுவதுண்டு. குடிநீரில் ஃபுளோரைடுக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். வெள்ளி அயனி நுண்ணுயிரை அழிக்குமேயன்றி ஃபுளோரைடை நீக்காது. திருவிழாக் கூட்டத்தால் நேரும் நுண்ணுயிர் மாசும், பாறையிலிருந்து கரையும் கனிம மாசும் ஒரே ஊரில் நிலவினும் அவற்றுக்குரிய தீர்வுகள் வேறானவை.

முடிவுரை

தேற்றாங்கொட்டை கலங்கலுக்கும், வெள்ளி நுண்ணுயிருக்கும், இரும்புச் சேர்மம் ஆர்சனிக்குக்கும் தீர்வாயின. ஒவ்வொரு மாசுக்கும் அதற்கேற்ற பொருளைத் தேடியதே நீர்த் தூய்மையாக்கத்தின் வரலாறு. ஆகவே திருவண்ணாமலை போன்ற நகரில் வடிகட்டியைத் தெரிவு செய்வதற்கு முன் குளம், கிணறு, குழாய் ஆகியவற்றின் நீரைத் தனித்தனியே, பருவந்தோறும் சோதித்தல் வேண்டும். வடிகட்டியிலிருந்து நீரில் கலக்கும் உலோக அளவையும் பயன்பாட்டுக்குப் பின் கழியும் பொருளையும் கண்காணித்தல் வேண்டும். இல்லையேல் ஒரு மாசை நீக்கவந்த பொருளே மற்றொரு மாசாகிவிடும்.