புதுச்சேரி வரை வந்து நின்றுபோன விமானங்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சியும் அதனையடுத்த வல்லம் ஒன்றியத்துச் சிற்றூர்களும் இன்றளவும் சாலையை மட்டுமே நம்பியிருக்கும் பகுதிகளாகும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்ல வேண்டிய இருப்புப்பாதை ஒப்புதல் பெற்றும் நெடுங்காலமாக நிறைவேறாமலேயே கிடக்கிறது. வெளிமாநிலங்களில் வேலை பார்ப்போரும் வெளிநாடு செல்வோரும் பேருந்திலோ வாடகைக் காரிலோ சென்னை மீனம்பாக்கத்தைச் சென்றடைவதே இப்பகுதியின் வழக்கம். ஆயினும் செஞ்சியிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரியின் லாஸ்பேட்டையில் ஒரு விமான நிலையம் உண்டு. அங்கு விமானங்கள் வந்ததும் நின்றதும் மீண்டும் வந்ததுமான வரலாறு, கடனில் தத்தளிக்கும் ஒரு நிறுவனம் எதை முதலில் வெட்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

லாஸ்பேட்டை ஓடுதளத்தின் நீளம் சுமார் 1500 மீட்டர். பெருநகரங்களுக்கிடையே பறக்கும் ஜெட் விமானங்கள் பயணிகளோடும் எரிபொருளோடும் முழுச் சுமையில் ஏறி இறங்க இது போதாது. ஆகவே டர்போப்ராப் எனப்படும், விசையாழியால் சுழலும் விசிறிகளைக் கொண்ட சிறுவகை விமானங்களே இங்கு வர இயலும். எழுபது எண்பது பேர் மட்டுமே அமரக்கூடிய அத்தகைய விமானத்தில் பதினைந்து இருக்கைகள் காலியாக இருந்தாலும் அந்தப் பயணம் நட்டமாகிவிடக்கூடும். இதற்கு நிறுவனத்தின் செலவு அமைப்பே காரணம். இந்திய விமான நிறுவனங்களின் செலவில் எரிபொருளே பெரும்பங்கு வகிக்கிறது. அதன் விலையை உலகச் சந்தையும் அதன்மேல் வரும் வரியை மாநில அரசுகளும் முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டில் விமான எரிபொருள் மீதான மதிப்புக்கூட்டு வரி நெடுங்காலமாக 29 விழுக்காடாக இருந்துவருகிறது. அடுத்த பெருஞ்செலவான விமானக் குத்தகை வாடகை டாலரில் செலுத்தப்படுவதால், ரூபாயின் மதிப்பு சரியும்போதெல்லாம் அது தானாகவே ஏறுகிறது. இவ்விரண்டிலும் கைவைக்க இயலாத நிறுவனம், தன் விருப்பப்படி குறைக்கக்கூடிய இரண்டை நோக்கித் திரும்புகிறது. ஒன்று சிற்றூர்த் தடம், மற்றொன்று ஊழியரின் ஊதியம்.

இப்போக்கு இன்றைய தனியார் நிறுவனங்கள் தோன்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1953ஆம் ஆண்டு நாட்டுடைமையாக்கத்தின்போது எட்டு நிறுவனங்களை ஒன்றிணைத்து உருவாக்கப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ், உலக எண்ணெய் நெருக்கடி தலையெடுத்த 1973ஆம் ஆண்டின் இறுதியில் பணிமுறைத் தகராறு ஒன்றில் கதவடைப்பையே அறிவித்தது. கதவடைப்பு என்பது தொழிலாளர் வேலையை நிறுத்துவதற்கு மாறாக, நிர்வாகமே வேலையை மறுத்து வாயிலை மூடுவதாகும். பெரிய தடங்களைக் காக்கவே திணறிய அந்நிறுவனத்தால் சிற்றூர்களுக்குப் பறக்க முடியாது என்ற எண்ணத்தில், 1981ஆம் ஆண்டு ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் கூட்டாக வாயுதூத் என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. வடகிழக்கு மாநிலங்களை முதன்மையாகக் கருதிப் பிறந்த இந்நிறுவனம் பின்னர் நாடெங்கும் பரவியது. பத்தொன்பது இருக்கைகளைக் கொண்ட டோர்னியர் விமானங்களோடு தமிழகத்தில் நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் அது வந்து சென்றது. செஞ்சியிலிருந்து பார்த்தால் தெற்கே நிலக்கரி நகரமான நெய்வேலியே அந்நாளில் அருகிலிருந்த வான்வழி வாசல்களுள் ஒன்றாக இருந்தது.

வாயுதூத் நெடுநாள் நீடிக்கவில்லை. தேவையை அளந்து பாராமல் நிலையங்களைக் கூட்டிக்கொண்டே போனதும், கட்டணத்தை அரசியல் கருதித் தாழ்த்தி வைத்ததும் அதை நட்டத்தில் ஆழ்த்தின. 1990களின் தொடக்கத்தில் தடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டு, 1993ஆம் ஆண்டு நிறுவனமே இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. அதன் ஊழியர்கள் குறுந்தொலைவுச் சேவைக்கெனத் தனியாக அமைக்கப்பட்ட பிரிவு ஒன்றில் சேர்க்கப்பட்டனர். வாயுதூத்தில் ஆற்றிய பணிக்காலம் புதிய நிறுவனத்தின் பணிமூப்புப் பட்டியலில் கணக்கில் கொள்ளப்படுமா என்ற வினா, பதவி உயர்வையும் சம்பளத்தையும் ஒருசேரத் தீர்மானிப்பதாக இருந்ததால், அது பற்றிய வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை சென்றன. விமானம் நின்றதைப் பயணிகள் சில மாதங்களில் மறந்துவிடக்கூடும். ஊழியரின் வாழ்வில் அதன் விளைவு அவர்தம் ஓய்வுக்காலம் வரை நீண்டது என்பதை இவ்வழக்குகள் உணர்த்துகின்றன.

புதுச்சேரியின் கதையில் மையமாக அமைந்தது ஸ்பைஸ்ஜெட். 2005ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கிய இந்நிறுவனம் 2010ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த கலாநிதி மாறன் வசம் வந்தது. சிறு நகரங்களுக்கெனப் பம்பார்டியர் க்யூ400 என்னும் டர்போப்ராப் விமானங்களை வாங்கி, 2013 ஜனவரியில் பெங்களூரு - புதுச்சேரி சேவையை அது தொடங்கியது. ஓராண்டு கடந்ததும் 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சேவை நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்ததால் நாடெங்கும் ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் சில மணி நேரம் முடங்கின. 2015 ஜனவரியில் நிறுவனம் அஜய் சிங்கின் கைக்கு மாறியது. இடையில் அதே ஆண்டு அலையன்ஸ் ஏர் என்னும் நிறுவனம் புதுச்சேரிக்குச் சில மாதங்கள் வந்து போனது. 2017 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் ஹைதராபாத்திலிருந்து மீண்டும் வந்தபோது, உதான் திட்டம் அதற்குக் கைகொடுத்தது. 2016ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின்படி, விமானத்தின் ஒரு பகுதி இருக்கைகளை ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2500 ரூபாய் என்ற உச்சவரம்புக் கட்டணத்தில் விற்கும் நிறுவனத்துக்கு, அதனால் ஏற்படும் வருவாய்க் குறையை ஈடுசெய்ய அரசு மூன்றாண்டுகளுக்கு மானியம் தந்தது.

மூன்றாண்டு நிறையும் முன்னரே 2020 மார்ச்சில் பெருந்தொற்று எல்லாவற்றையும் நிறுத்தியது. தொழிலாளர் செலவு குறித்த பூசல் அதன் பின்னரே வெளிப்படையாக வெடித்தது. ஏப்ரல், மே மாதங்களுக்கு விமானிகளுக்குச் சம்பளம் இல்லை என்றும், சரக்கு விமானம் ஓட்டுவோர்க்குப் பறந்த நேரத்துக்கு மட்டுமே ஊதியம் என்றும் ஸ்பைஸ்ஜெட் அறிவித்தது. இந்நேரத்தைத் தொழிலில் ‘பிளாக் நேரம்’ என்பர். நிற்கும் விமானத்தின் சக்கரங்கள் உருளாதிருக்க முன்னும் பின்னும் வைக்கப்படும் கட்டையை எடுத்தது முதல், சேருமிடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் வரையுள்ள காலமே அது. பயணத்துக்கு முன் வானிலை அறிக்கையையும் எரிபொருள் கணக்கையும் விமானி சரிபார்க்கும் நேரம், மழையால் நிலையத்திலேயே காத்திருக்கும் நேரம், பயிற்சிக் கருவியில் அமர்ந்து தேர்ச்சியைப் புதுப்பிக்கும் நேரம் ஆகியவை இக்கணக்கில் வாரா. குறுகிய தடங்களில் கட்டை எடுத்து வைக்கும் இடைவெளி சிறிதாகையால், அங்குப் பறப்போர்க்கே இம்முறை மிகுந்த இழப்பைத் தந்திருக்கும். பாதுகாப்பின் முதற்காவலர்களாகிய இவர்களின் ஊதியத்தை நட்டத்தின் காரணமெனக் கொண்டது முறையன்று.

2022 மார்ச்சில் புதுச்சேரிக்கு ஸ்பைஸ்ஜெட்டின் ஹைதராபாத், பெங்களூரு சேவைகள் திரும்பின. அதே ஆண்டு ஜூலையில், அடுத்தடுத்து நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறுகளை முன்னிட்டு, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்நிறுவனத்தின் சேவைகளைப் பாதியாகக் கட்டுப்படுத்தியது. 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 1400 பேரைக் குறைக்கப்போவதாக நிறுவனம் கூறியதாகச் செய்திகள் வந்தன. அடுத்த மாதமே புதுச்சேரித் தடம் மீண்டும் நின்றது. ஆகஸ்டில் 150 விமானப் பணியாளர்கள் மூன்று மாத ஊதியமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டனர். செப்டம்பரில் 3000 கோடி ரூபாய் முதலீடு திரட்டிய பின்னரே நிலுவைச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதித் தொகையும் செலுத்தப்பட்டன. ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்ட வைப்பு நிதி கணக்கில் சேராமல் இருந்தது என்பது, அந்நெருக்கடியில் மிகவும் கண்டிக்கத்தக்க பகுதியாகும். பணியாளர் தம்மை அறியாமலேயே நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவராக ஆக்கப்பட்டார். தடத்தையும் ஆளையும் வெட்டியது நிறுவனத்தை மீட்கவில்லை, புதிய மூலதனமே மீட்டது என்பதையும் இந்நிகழ்வுகளின் வரிசை காட்டுகிறது. இதே போக்கைச் சேலமும் கண்டது. கிங்ஃபிஷர், ட்ரூஜெட் எனச் சேலத்துக்கு வந்த இரண்டு நிறுவனங்களும் சம்பள நிலுவையோடு மறைந்தன. 2023 அக்டோபரில்தான் அங்கு விமானங்கள் மீண்டும் வந்தன.

2024 டிசம்பர் 20 அன்று இண்டிகோ நிறுவனத்தின் ஏடிஆர் விமானங்கள் லாஸ்பேட்டையில் இறங்கத் தொடங்கின. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை, மராத்தியர் படைத்துறைக் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதனால் வெளியூர்ப் பயணிகள் இப்பக்கம் வருவதற்கான காரணம் கூடியுள்ளது. ஆயின் பெரிய விமானங்கள் இறங்க வேண்டுமானால் ஓடுதளத்தை நீட்டியாக வேண்டும். அதற்குத் தேவையான நிலத்தின் பெரும்பகுதி புதுச்சேரி எல்லைக்கு அப்பால், விழுப்புரம் மாவட்டத்தின் பக்கமே இருப்பதால், அதைப் பெறுவது குறித்துப் புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் பல ஆண்டுகளாகப் பேசிவருகின்றன.