வெள்ளிக்கிழமையில் ஒரு ஞாயிறு

பஹ்ரைன் நாட்டில் வேலை பார்க்கும் கத்தோலிக்கர் ஒருவர், "வெள்ளிக்கிழமை ஞாயிறு பூசை கண்டேன்" என்று வீட்டாருக்குச் சொன்னால் அதை வாய்தவறிய பேச்சென்று எண்ணிவிடலாகாது. தலைநகர் மனாமாவில் உள்ள இயேசுவின் திரு இருதய ஆலயத்தில் ஞாயிற்றுக்குரிய வாசகங்களும் மன்றாட்டுகளும் வெள்ளியன்றே ஒலிக்கின்றன. தமிழ், மலையாளம், கொங்கணி, அரபி, பிலிப்பீனியரின் தகாலோக் எனப் பல மொழியினரும் அங்கே முறைவைத்துத் திருப்பலி காண்கின்றனர். அந்நாட்டில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். 2006ஆம் ஆண்டுக்கு முன் அது வியாழனும் வெள்ளியுமாக இருந்தது. ஞாயிறு வேலை நாள். மக்கள் கூட முடிகிற நாளிலேயே ஆண்டவருடைய நாளின் வழிபாட்டை நடத்தத் திருச்சபை அங்கே வழிசெய்திருக்கிறது.

அரபு மொழியில் ஞாயிற்றுக்கு 'அல் அஹத்' என்று பெயர். முதல் நாள் என்பது பொருள். விவிலியம் நாள்களை எண்ணும் முறையும் இதுவே. வெள்ளிக்கு 'ஜும்ஆ' என்று பெயர். ஒன்றுகூடுதல் என்னும் கருத்தில் பிறந்த சொல். திருச்சபையைக் குறிக்கும் 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் கூட்டம் என்பதே பொருள். ஆண்டவர் பாடுபட்ட நாளென்று நாம் ஒருசந்தி காக்கும் கிழமையில், நம் உறவினர் அவருடைய உயிர்ப்பைக் கொண்டாடுகின்றனர். இது விந்தையாகத் தோன்றலாம். கூடுவதற்கென்றே பெயர் பெற்ற நாளில் கூடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அவ்வளவு விந்தையில்லை.

பஹ்ரைன் மிகச் சிறிய தீவு நாடு. அதன் பரப்பு ஏறத்தாழ 780 சதுர கிலோமீட்டர். மதுரை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. சவூதி அரேபியாவுடன் அதை இணைக்கும் 25 கிலோமீட்டர் நீளப் பாலச்சாலை 1986இல்தான் திறக்கப்பட்டது. பஹ்ரைன் என்றால் 'இரு கடல்கள்' என்று பொருள். உப்புக்கடல் ஒன்று, அதன் அடியில் ஊறும் நன்னீர் மற்றொன்று என்று அவ்வூரார் விளக்கம் சொல்வதுண்டு. கடலின் அடித்தரையிலேயே நன்னீர் ஊற்றுகள் பீறிட்டிருக்கின்றன. முத்துக்குளிப்போர் தோற்பையுடன் மூழ்கி, உப்புநீருக்கு அடியிலிருந்து குடிநீர் நிரப்பிக்கொண்டு மேலே வருவார்களாம். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் அவ்வூற்றுகள் வற்றிப்போயின. வைகையின் மணலை இழந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நாட்டுக் கடைத்தெருவில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. பஹ்ரைனின் நாணயம் தினார். ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். ஆனால் நூறு ஃபில்ஸை 'ருபியா' என்று சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. நெடுங்காலம் அங்கே செலாவணியில் இருந்தது இந்திய ரூபாயே ஆகும். 1959இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய்த் தாள்களை நம் ரிசர்வ் வங்கி அச்சிட்டது. 1965இல் பத்து ரூபாய்க்கு ஒரு தினார் என்னும் கணக்கில் புதிய நாணயம் வந்தது. தாள் போயிற்று, பெயர் போகவில்லை. மின்விசிறிக்குப் 'பங்கா' என்றும், ஊறுகாய்க்கு 'அச்சார்' என்றும் அங்கே வழங்குவதும் இந்தப் பழைய உறவின் எச்சமே.

அந்த உறவு பாண்டியர் காலத்திலேயே வேரூன்றியது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் மதுரையை ஆண்ட காலத்தைப் பற்றி வஸ்ஸாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கீஷ் என்னும் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டி நாட்டுக்கு வரவேண்டும் என்று ஓர் உடன்படிக்கை இருந்தது. வேறு குதிரைகள் வந்த துறைகளின் வரிசையில் கத்தீப், ஹுர்முஸ் ஆகியவற்றுடன் பஹ்ரைனையும் அவர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை. வழியில் குதிரை செத்தாலும் விலையை அரச கருவூலமே கொடுத்துவிட வேண்டும்! இப்படிப்பட்ட பேரத்தை நம் பாண்டியனைத் தவிர வேறெவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று தெரியவில்லை. வந்த குதிரைகளும் பேணத் தெரியாதவர் கையில் சிக்கி ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரை வாங்கப் பொன்னுடன் போன மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளான கதையை மதுரை இன்றும் ஆவணி மூலத் திருவிழாவில் நடித்துக் காட்டுகிறதல்லவா? அக்கதையின் பின்னணியில் அந்தக் கடல்வழிச் சந்தையின் நிழல் தெரிகிறது.

பஹ்ரைனைப் பற்றியும் மதுரையைப் பற்றியும் நேரில் கண்டவராக எழுதியவர் இபின் பதூதா. மொராக்கோ நாட்டைச் சேர்ந்த இவர் 1340களில் மதுரைக்கு வந்தபோது இங்கே சுல்தான்களின் ஆட்சி நடந்தது. அவர்களுள் முதல்வரின் மகளைத்தான் இவர் தில்லியில் மணந்திருந்தார். இருந்தும், அப்போது ஆண்ட கியாசுதீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இவர் மறைக்காமல் வெறுத்து எழுதினார். நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. இவரையும் காய்ச்சல் பற்றிக்கொண்டது. புளியை நீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்தாராம். 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, என்று புளிக்குப் பெயரிட்ட இனத்தவருக்கு மதுரைப் புளி உயிர்கொடுத்ததில் வியப்பில்லை.

வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி இவர் எழுதியிருப்பதில் ஒரு செய்தி நாம் நின்று கவனிக்கத் தக்கது. குளிப்போர் எடுக்கும் முத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசர் கொள்வார். மீதியைப் படகுகளில் காத்திருக்கும் வணிகர் வாங்குவர். ஆனால் குளிப்போரில் பலர் அந்த வணிகரிடம் ஏற்கெனவே கடன்பட்டவர்கள். ஆகவே முத்து கடனுக்கே போய்விடும். பதினான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இச்செய்தி இருபதாம் நூற்றாண்டு வரை மாறவில்லை.

கோடைதோறும் ஏறத்தாழ நான்கு மாதம் பஹ்ரைன் ஆண்கள் படகில் கழித்தனர். மூக்கை இறுக்கும் கவ்வி, விரலுறை, காலில் கல், கழுத்தில் வலைக்கூடை, இடுப்பை மேலே உள்ளவனோடு இணைக்கும் கயிறு என்று மூழ்குவார்கள். அன்றாடம் பல பத்துமுறை இது நடக்கும். படகுத் தலைவனை 'நாகுதா' என்பர். நம் கடற்கரையும் அறிந்த சொல். புறப்படும் முன் குடும்பச் செலவுக்கு அவன் முன்பணம் தருவான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் குளித்தவன் பெயரில் பாக்கி நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அவன் கணக்கு எப்படித் தெரியும்? தந்தை இறந்தால் மகன் அதே கடனுக்காக அதே கடலில் குதிக்க வேண்டும். 1920களில் ஆட்சியாளர் தலையிட்டு, ஒவ்வொருவனுக்கும் கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்றும் கடன் பிள்ளைகளைத் தொடரலாகாது என்றும் சீர்திருத்தம் கொண்டுவந்தனர். ஜப்பானிய வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து விலையைச் சரித்தன. 1932இல் முன்பணம் போதவில்லை என்று முத்துக்குளிப்போர் கலகம் செய்தனர். அதே 1932இல்தான் அத்தீவில் எண்ணெய் பீறிட்டது.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதே கல், இதே கயிறு. மேலே கயிறு பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும், தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று சொல்வதுண்டு. மூக்குக்கவ்வி மட்டும் நம்மவர்க்கு இல்லை. விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டே மூழ்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிக் குளிப்புக்கு வளைகுடா அரபியரும் வந்து, நம்மவருக்குப் பக்கத்துப் படகில் குளித்தனர். தூத்துக்குடியில் கடைசிப் பெருங்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்து ஓய்ந்தன.

இன்று மதுரைச் சீமையிலிருந்து போகிற இளைஞன் முத்துக்குளிக்கப் போகவில்லை. கட்டடத்திலும் கடையிலும் பட்டறையிலும் வேலை செய்யப் போகிறான். ஆனால் அவனும் கடனோடுதான் விமானம் ஏறுகிறான். முகவர் வாங்கும் கட்டணம் ரூ. 30,000க்கு மேற்படக் கூடாது என்று குடிபெயர்வு விதிகள் உச்சவரம்பு வைத்தன. ஊரிலோ தாயின் நகையும் தகப்பனின் காணியும் அதைப்போல் பல மடங்குக்கு அடகு போகின்றன. கந்துவட்டி வேறு. முதல் ஒன்றிரண்டு ஆண்டுச் சம்பளம் முழுதும் அந்த வட்டிக்கே போகும். இபின் பதூதா கண்ட வணிகன் அங்கே முத்துப்படகில் காத்திருந்தான்; இப்போது அவன் இங்கே, நம் ஊர்த் தெருவிலேயே இருக்கிறான். அரபு நாட்டின் கொடுமையைப் பேசும்போது இந்தப் பாதியை நாம் பேசுவதில்லை. ஆலயத் திருவிழாவுக்கு 'வெளிநாட்டு அன்பளிப்பு' வருகையில், அந்தப் பணத்தை அனுப்பியவன் வட்டி கட்டி முடித்தானா என்று நம் பங்குகளில் கேட்பவர் குறைவு.

நிலத்தின் கதை வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டிலிருந்து மதுரைக்கு வந்த காஜி சையது தாஜுதீன் அவர்களுக்குப் பாண்டிய மன்னன் இடம் கொடுத்தான் என்பது வழிவழிச் செய்தி. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் காஜிமார் தெருப் பள்ளிவாசல் அந்த இடத்தில் நிற்கிறது. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவுக்குப் பாண்டியன் விட்டதாகச் சொல்லப்படும் ஊர்களைப் பற்றி வழக்கு எழுந்தபோது, 1573இல் வீரப்ப நாயக்கர் அக்கொடை செல்லும் என்று உறுதிசெய்தார். அங்குள்ள கல்வெட்டு அதைக் கூறுகிறது.

நம் மதுரைத் திருச்சபையின் தொடக்கமும் இத்தகையதே. 1595 வாக்கில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு, நாயக்க மன்னரின் இசைவுடன் இந்நகரில் ஒரு சிறு கோவிலையும் பள்ளியையும் மருந்தகத்தையும் நடத்தினார். யாருக்காக? வணிகத்தின் பொருட்டு இங்கே வந்து தங்கிய பரதவருக்காக. கடற்கரையில் முத்துத்துறை உரிமைக்காக முஸ்லிம் வணிகரோடு பகைமூண்டு, போர்த்துக்கீசியரின் காவலை நாடி 1530களில் திருமுழுக்குப் பெற்ற அதே மக்கள்தாம் இவர்கள். முத்து அங்கே இரத்தம் சிந்த வைத்தது. 1538இல் வேதாளையில் பெரும் சண்டையே நடந்தது. கடலைவிட்டு மதுரைக்கு வந்தால், இரு சாராரும் வேற்றூரார்; இரு சாராரும் அரசனின் இசைவால் தொழுதவர்கள். தத்துவ போதகராகிய ராபர்ட் தெ நொபிலி 1606இல் வந்தபோது அந்தச் சிறு கோவில் இங்கே இருந்தது.

மனாமாவின் திரு இருதய ஆலயத்தைக் கப்புச்சின் துறவியர் எழுப்பினர். நிலத்தைக் கொடுத்தவர் அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ஹமது பின் ஈசா. 1939ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவன்று அங்கே முதல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. அவருடைய கொள்ளுப்பேரனும் அதே பெயருடையவருமாகிய மன்னர் ஹமது, அவாலி என்னுமிடத்தில் ஏறத்தாழ 9,000 சதுர மீட்டர் நிலம் தந்தார். கூடார வடிவில், 2,300 பேர் அமரத்தக்கதாக எழுந்த அரேபியாவின் அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2022 நவம்பரில் அந்நாட்டுக்குச் சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், விளையாட்டரங்கில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேருடன் திருப்பலி நிறைவேற்றினார். அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் திரு இருதய ஆலயத்துக்கும் சென்றார். எல்லாருக்கும் அங்கே வெள்ளி விடுமுறை கிட்டுகிறதென்று எண்ண வேண்டாம். வீட்டுவேலைக்குச் சென்ற பெண்களுள் பலருக்கு, தம் எசமானி விடுகிற நாளே ஞாயிறு.

திரு இருதய ஆலயத்தை வளைகுடாவின் முதல் கத்தோலிக்க ஆலயம் என்பர். இக்காலத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் பஹ்ரைனின் முஹர்ரக் தீவில் 'அத்-தைர்' என்று ஓர் ஊர் உள்ளது. துறவுமடம் என்பது அதன் பொருள். அதன் அருகில் உள்ள ஊர் சமாஹீஜ். கி.பி. 410ஆம் ஆண்டைச் சார்ந்த கீழைத் திருச்சபையின் ஏடுகளில் மஷ்மாஹிக் என்னும் இடத்தின் ஆயரைப் பற்றிய குறிப்பு வருகிறது. அந்த இடம் சமாஹீஜ்தான் என்பர். அங்கே இசுலாமியரின் கல்லறைத் தோட்டத்து மேடொன்றை அகழ்ந்த ஆய்வாளர், நான்காம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை புழங்கிய கிறிஸ்தவக் கட்டடம் ஒன்றைக் கண்டதாக 2024இல் அறிவித்தனர். பிற்காலத்தில் அதன்மேல் எழுந்த பள்ளிவாசல்தான் அந்த மேட்டைக் கலையாமல் காத்தது. சமையற்கட்டும் உணவுக்கூடமும் இருந்தன. சாந்தில் செதுக்கிய சிலுவைகள் இருந்தன. அங்கே வாழ்ந்தோர் விட்டுச்சென்ற பொருள்களுள் சூதுபவள மணிகளும் கிடைத்தன. கீழடிக் குழிகளில் நாம் கண்ட அதே வகைச் சிவந்த கல். இந்தியாவிலிருந்து கடல் கடந்து அவர்கள் கைக்குப் போனது.