ஹாட் ராட்: வீட்டில் கட்டும் முதல் வண்டி

ஹாட் ராட் என்பது பழைய அமெரிக்கக் கார் ஒன்றைப் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினுக்கு வலுவேற்றி அல்லது வேறு எஞ்சினையே வைத்து, வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் திரும்பக் கட்டிய வண்டி. வழக்கமாக 1948 வரையிலான கார்களே இதற்கு அடிப்படை. அவற்றிலும் 1928 முதல் 1934 வரை வந்த ஃபோர்டுகளுக்குத் தனி மரியாதை உண்டு. பழைய காரை ஆலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோகும் மீட்டெடுப்புக் கலையோடு இதைக் குழப்பக் கூடாது. அங்கே ஒவ்வொரு திருகும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஆலையின் கையேடு இருக்கிறது. இங்கே கட்டுபவர்தான் பொறியாளர், அவரேதான் சோதனைக்காரர். முதல்முறை கட்டுபவர்கள் சறுக்குவதும் இதனால்தான். எஞ்சினைப் பற்றிக் கனவு கண்டு தொடங்குகிறார்கள்; வண்டி நின்றுபோவது பெரும்பாலும் பிரேக், ஸ்டியரிங், வயரிங், பத்திரம் ஆகிய சுவையற்ற வேலைகளில்.

பிறந்த இடம்

தெற்குக் கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ், ஹார்ப்பர் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் உள்ளன. மேடு பள்ளமின்றி மைல் கணக்கில் கெட்டியாகக் கிடக்கும் தரை. 1920களிலும் 1930களிலும் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதி இளைஞர்கள் தங்கள் வண்டிகளை இங்கே ஓட்டிவந்து வேகம் பார்த்தார்கள். கையில் காசு குறைவு. ஆனால் காயலான் கடைகளில் ஃபோர்டு மாடல் டி மலிந்து கிடந்தது. 1908 முதல் 1927 வரை அந்த வண்டி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி செய்யப்பட்டிருந்தது. மட்கார்டு, பம்பர், முன்கண்ணாடி என்று கழற்றக் கூடியதையெல்லாம் கழற்றி வீசினால் எடை குறையும், வேகம் கூடும். செலவில்லாத முதல் மேம்பாடு அதுதான். ஹாட் ராட்டுகள் இன்றும் மட்கார்டு இல்லாமல் சக்கரம் வெளியே தெரிய ஓடுவது அன்றைய சிக்கனத்தின் மிச்சம்.

1932இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வி வடிவ பிளாக் முழுவதையும் ஒரே வார்ப்பாக ஊற்றியதுதான் விலை இறங்கக் காரணம். 'டியூஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த 1932 ஃபோர்டு, இன்றுவரை ஹாட் ராட் உலகின் மூல வடிவமாக நிற்கிறது. 1937இல் பந்தயக் குழுக்கள் ஒன்றுகூடித் தென் கலிஃபோர்னிய நேரமளப்புச் சங்கத்தை அமைத்தன. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் விமானப் பணிமனைகளில் கற்ற வெல்டிங்கையும் லேத் வேலையையும் கொண்டுவந்தார்கள். பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் உபரி எரிபொருள் தொட்டிக்குச் சக்கரம் வைத்து 1946இல் ஓட்டினார். 1948இல் 'ஹாட் ராட்' மாத இதழ் தொடங்கியது. 1949இல் யூட்டாவின் பானவில் உப்புத் தரையில் வேக வாரம் நடந்தது. 1951இல் இதழின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். விக் எடெல்பிராக், எட் இஸ்கெண்டேரியன் போன்றோர் சிறு பட்டறைகளில் செய்த மேனிஃபோல்டும் கேம் ஷாஃப்டும் பின்னாளில் பெரிய உதிரிபாகத் தொழிலாக வளர்ந்தன.

பத்திரமும் அடிப்படை வண்டியும்

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது துருவை அல்ல, உரிமைப் பத்திரத்தை. பழைய ஃபோர்டுகளில் அடையாள எண் சேஸின் மேற்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பாடியை இறக்காமல் அதை முழுதாகப் பார்ப்பது கடினம். பத்திரத்து எண்ணும் சேஸ் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், வேலையெல்லாம் முடிந்த பிறகு பதிவு அலுவலகத்தில் வண்டி மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிஃபோர்னியாவில் 'தனியாகக் கட்டப்பட்ட வாகனம்' என்ற வகையில் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும் புகை விதியில் சலுகை உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே அதற்குப் போட்டி தொடங்கிவிடும்.

அசல் 1932 பாடி இன்று விலையுயர்ந்த பொருள். ஆனால் அதே அச்சில் புதிதாக அழுத்திய இரும்புப் பாடிகளும் சேஸ்களும் விற்பனைக்கு உள்ளன. 1932இல் செய்த ஒரு பாகம்கூட இல்லாமல் ஒரு 1932 ஃபோர்டைக் கட்டிவிடலாம். கண்ணாடியிழைப் பாடி அதைவிட மலிவு. முதல் வண்டிக்கு 1928-31 மாடல் ஏ நல்ல தேர்வு. மாடல் ஏ பாடியை 1932இன் சேஸ் மேல் உட்காரவைப்பது ஹாட் ராட் மரபில் நெடுநாளாக உள்ள சேர்க்கை. மாடல் ஏ சேஸ் மெல்லியது. டியூஸ் சேஸோ கனமானது. பக்கவாட்டில் வளைவு அழுத்தப்பட்டிருப்பதால் மட்கார்டைக் கழற்றினாலும் அழகாகத் தெரியும். யாரோ பாதியில் விட்ட வண்டியை வாங்குவது மலிவுபோலத் தோன்றும். ஆனால் எந்தப் பெட்டியில் எந்த நட்டு போனது என்று விற்றவருக்கே தெரியாது.

சேஸ்

அந்தக் காலச் சேஸ் கம்பிகள் ஆங்கில 'சி' எழுத்து வடிவில் ஒருபக்கம் திறந்திருக்கும். வலுவான எஞ்சின் வைத்தால் முறுக்கத்தில் சேஸ் வளையும். ஆகவே திறந்த பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து அடைத்து வெல்டிங் செய்கிறார்கள். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் சேஸ் வாழைப்பழமாக வளைந்துவிடும். சமதளமான இரும்பு மேசையில் இறுகக் கட்டி, இங்கொரு அங்குலம் அங்கொரு அங்குலமாக மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமாக இருக்கிறதா என்று இடையிடையே பார்ப்பது அவசியம்.

முன்பக்கத்தில் ஃபோர்டு குறுக்காக ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் வைத்தது. ஆக்சிலைப் பின்னாலிருந்து பிடிக்கும் ஆப்பு வடிவக் கம்பியின் இரு கைகளும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கீழே ஒரு புள்ளியில் சேரும். வேறு கியர்பாக்ஸ் வைக்க அது தடையாவதால் கம்பியை வெட்டி, இரு நுனிகளையும் சேஸின் இரு பக்கமும் பொருத்துவது வழக்கம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது, பிரித்த கம்பிகள் ஆக்சிலை முறுக்குகின்றன. ஆங்கில 'ஐ' வடிவக் குறுக்குவெட்டுள்ள பழைய ஆக்சில் அந்த முறுக்கத்துக்கு இடம்கொடுக்கும். பளபளக்கும் குழாய் ஆக்சில் கொடுக்காது. அதற்குப் பக்கத்துக்கு இரண்டாக நாலு கம்பிகள் வேண்டும். அழகுக்காகக் குழாய் ஆக்சில் வாங்கி அதைப் பிரித்த கம்பியில் மாட்டினால், முறுக்கம் முழுவதும் பிடிமானத்தில் இறங்கி ஒருநாள் அங்கே விரிசல் விடும். வண்டியைத் தாழ்த்த வேண்டுமானால் நடுப்பகுதி நேராகவும் இரு முனைகள் மேலே எழும்பியும் உள்ள ஆக்சிலை வைப்பதே முறை. ஸ்பிரிங் பட்டைகளை உருவிவிட்டு வண்டியைத் தாழ்த்துபவர்களின் பயணம் முதுகெலும்புக்குத்தான் தெரியும்.

பாடி வேலை

கதவு சரியாகச் சாத்துகிறதா என்பதுதான் பாடியின் நாடி. எதையும் வெட்டுவதற்கு முன் பாடியைச் சேஸில் உட்காரவைத்து போல்ட்டை முடுக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினால் எதிர்மூலையில் கதவிடுக்கு அகலும், எடுத்தால் குறுகும். இந்த விளையாட்டு முடிந்த பின்பே, கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பிடித்துக்கொண்டு துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டுகிறார்கள். குழாய் வைக்காமல் வெட்டிய பாடி, புதுத் தகடு ஏறியதும் வேறொரு வண்டியின் பாடியாகிவிடும்.

கூரையைத் தாழ்த்துவது இந்தக் கலையின் புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சை. தூண்களில் சில அங்குலம் வெட்டியெடுத்துக் கூரையை இறக்குவார்கள். முன்தூண் சாய்வாக இருப்பதால், இறங்கிய கூரையின் முனை தூணின் அடிப்பகுதியோடு சேராது. கூரையை நீட்ட வேண்டும், அல்லது தூணை இன்னும் சாய்க்க வேண்டும். பிறகு கதவுச் சட்டம், கண்ணாடி என்று எல்லாம் புதிது. ரோட்ஸ்டருக்கு நிலையான கூரையே இல்லை என்பதால் இந்த வம்பு இல்லை. முதல் வண்டிக்கு ரோட்ஸ்டரே பொருத்தம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பக்கத் தகட்டில் வெல்டிங் சூடு ஏறினால் அலையலையாக நெளியும். பிறகு டிங்கரிங் செய்பவரின் சுத்தியலுக்குத்தான் வேலை. பட்டி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் பள்ளங்களை உருக்கிய ஈயத்தால் நிரப்பினார்கள். பழைய பாடியைத் தேய்க்கும்போது ஈயத் தூள் பறக்கும் என்பதால் முகக்கவசம் கட்டாயம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் செய்வது அதைவிட ஆபத்து. அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். முதல் உலகப் போரில் படைகள் ஆயுதமாகப் பயன்படுத்திய வாயு அது.

எஞ்சின்

மரபை விரும்புகிறவர்களுக்கு ஃபோர்டின் தட்டை ஹெட் வி8. வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் வெறும் மூடிபோல இருக்கும். பெயருக்குக் காரணம் அதுவே. 1932இல் தொடங்கி அமெரிக்கக் கார்களில் 1953 வரை வந்தது. ஃபோர்டின் மெர்க்குரி பிராண்டு கார்களில் வந்த கடைசி வடிவம் 255 கன அங்குலம். இதன் குறை, புகை வெளியேறும் வழி பிளாக்குக்குள்ளேயே நீர்ப்பாதையை ஒட்டிச் செல்வது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் புகை வாய் மூன்றே. நடுவிலுள்ள இரண்டும் ஒன்றைப் பங்கிடுகின்றன. அந்தச் சூடெல்லாம் ரேடியேட்டர் தலையில் விழுகிறது. இதனால் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே பிளாக் விரிசல் விடுவது சாதாரணம். விரிசல் சோதனை செய்யாமல் போரிங்குக்குக் கொடுப்பது காசை ஆற்றில் போடுவதற்குச் சமம். மேலே இரட்டை ஸ்ட்ராம்பெர்க் 97 கார்பரேட்டர் வைப்பது அந்தக்கால அடையாளம். இவற்றுக்கு எரிபொருள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2.5 பவுண்டைத் தாண்டக் கூடாது. இன்றைய மின்பம்பை நேரடியாகக் கொடுத்தால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும்.

மற்றவர்களுக்கு 1955இல் வந்த செவர்லேயின் சிறிய பிளாக் வி8. முதலில் 265 கன அங்குலம், 1967 முதல் 350 வகையும் உண்டு. எந்த ஊரிலும் உதிரி கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பார்ப்பார். ஃபோர்டு வண்டியில் செவர்லே எஞ்சினா என்று முகம் சுளிக்கும் பக்தர்கள் உண்டு. கட்டிய வண்டி ஓடட்டும், முகச்சுளிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிரேக், ஸ்டியரிங், வயரிங்

ஃபோர்டு 1938 வரை கம்பியால் இழுக்கும் பிரேக்கையே வைத்திருந்தது. ஹைட்ராலிக் 1939இல்தான் வந்தது. ஹாட் ராட்களில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்கும், அதாவது சக்கரத்திலுள்ள சிலிண்டர்களைவிடத் தாழ்வாக. வண்டி நிற்கும்போது ஆயில் அங்கே திரும்பி வழிந்துவிடும். மறுநாள் பெடல் தரைவரை போகும். இதைத் தடுக்கக் குழாயில் சிறு அழுத்த வால்வு போட வேண்டும். டிஸ்க்குக்கு 2 பவுண்டு, டிரம்முக்கு 10 பவுண்டு. மாற்றிப் போட்டால் டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும். முன்பின் சக்கரங்களுக்குத் தனித்தனி அறை உள்ள மாஸ்டர் சிலிண்டரே நல்லது. பழைய ஒற்றை வகையில் ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை.

ஸ்டியரிங்கில் முன் ஆக்சிலின் பின்சாய்வுக் கோணம் 5 முதல் 7 டிகிரி இருந்தால் வண்டி நேர்கோட்டில் போகும். குறைந்தால் வண்டி அங்குமிங்கும் அலையும்.

அசல் மின்சாரம் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த். இன்று எல்லோரும் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடுகிறார்கள். கண்ணாடியிழைப் பாடியில் மின்சாரம் பாயாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். புதிதாகக் கட்டிய வண்டியில் ஒரு பக்க இண்டிகேட்டர் போட்டால் முன்விளக்கு மங்குகிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாடல் ஏயின் பெட்ரோல் தொட்டி டாஷ்போர்டுக்குள்ளேயே, பயணிகளின் முழங்காலுக்கு எதிரே இருக்கிறது. பலர் அதை எடுத்துவிட்டுப் பின்னால் வேறு தொட்டி வைப்பதில் வியப்பில்லை.

கட்டும் வரிசை

அனுபவமுள்ளவர்கள் வண்டியை இரண்டு முறை கட்டுகிறார்கள். முதலில் பெயிண்ட் இல்லாத வெற்று இரும்பாகக் கடைசி குழாய் வரை பொருத்தி, ஓட்டியும் பார்க்கிறார்கள். புகைக்குழாய் ஸ்டியரிங் கம்பியில் முட்டுகிறதா, பிரேக் பெடலுக்குக் கால் வைக்க இடமிருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு முழுவதும் பிரித்து, துளைகளை அடைத்து, பெயிண்ட் அடித்துத் திரும்பக் கட்டுகிறார்கள். பெயிண்டை முதலில் அடித்துவிட்டு ஒரு பிராக்கெட்டுக்கு இடம் மறந்ததை நினைவுகூர்பவர் அதன் மேலேயே வெல்டிங் வைக்க நேரும்.

முதல் ஓட்டங்கள் வீட்டைச் சுற்றியே இருக்க வேண்டும். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். முதல் சில பத்து மைல்களுக்குப் பின் ஸ்பிரிங் யு-போல்ட், சக்கர நட்டு, ஸ்டியரிங் மூட்டு அனைத்தையும் மீண்டும் முடுக்கிப் பார்ப்பார்கள். புது ஸ்பிரிங் படிந்து உட்காரும்போது வண்டியின் உயரம் கொஞ்சம் இறங்கும். அதனால் முன்சக்கர அலைன்மென்ட்டை இந்தக் கட்டத்தில் இன்னொரு முறை பார்த்தால்தான் அது நிலைக்கும்.