'போல' காணாமல் போகும்போது: சுகர்லோஃப் பாறையும் திருச்சிச் சங்கிலியும்

1753 செப்டம்பர் 21. திருச்சிக் கோட்டைக்குத் தெற்கே, பொன்மலை வட்டாரத்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் தலைமையில் கும்பெனிப் படை. இன்னொரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், மைசூர்ப் படை, மராத்தியக் குதிரைப்படை. மைசூர் நஞ்சராஜா ஸ்ரீரங்கத்தைக் கையில் வைத்திருந்த வருடம் அது. கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு அரிசி வரவேண்டுமென்றால் தெற்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்துதான் வரவேண்டும். அந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பாறைகள் யார் கையிலோ, திருச்சியின் சாப்பாடும் அவர்கள் கையில். லாரன்ஸ் ஜெயித்தார்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் 'சுகர்லோஃப் ராக்' யுத்தம். இந்தப் போர்களை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்மின் முதல் தொகுதி 1763-ல் வெளிவந்தது. நம்ம ஊர் பாறைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்து ஐரோப்பாவில் வெள்ளைச் சர்க்கரை தூளாகக் கிடைக்காது. பாகைக் கூம்பு வடிவ அச்சில் ஊற்றி இறுகவைத்து, கூம்பாகவே விற்பார்கள். அந்தக் கூம்புதான் சுகர்லோஃப். வீட்டில் இடுக்கியால் உடைத்துப் பயன்படுத்துவார்கள். அதனால் கூம்பாக நிற்கும் குன்று எதைப் பார்த்தாலும் வெள்ளைக்காரனுக்குச் சர்க்கரை ஞாபகம் வந்திருக்கிறது. வேல்ஸில் ஒரு சுகர்லோஃப் உண்டு, அயர்லாந்தில் உண்டு, ரியோ டி ஜனிரோவில் போர்த்துக்கீசியப் பெயரில் உண்டு. அந்த வரிசையில் திருச்சியிலும் ஒன்று.

1843-ல் மொராவியாவில் யாகுப் ராட் என்பவர் சர்க்கரையைச் சின்னக் கட்டிகளாகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கட்டியும் தூளும் வந்தபிறகு கூம்பு மெல்ல மறைந்தது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லும் ஆங்கிலேயர்களில் பலர் சர்க்கரைக் கூம்பைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். உவமானம் செத்துப்போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

நம் இலக்கணத்தில் இதை அழகாக விளக்கலாம். ஒரு முழு உவமையில் நான்கு உறுப்புகள்: உவமை, உவமிக்கப்படும் பொருள், இரண்டுக்கும் பொதுவான தன்மை, 'போல' மாதிரியான உருபு. உருபு மறைந்தால் உவமைத்தொகை. மதுரை யானைமலை அப்படித்தான், யானை போன்ற மலை. யானையை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பெயர் இன்னும் பேசுகிறது. இன்னும் ஒரு படி மேலே போனால் உருவகம். ஸ்ரீரங்கத்தைப் 'பூலோக வைகுண்டம்' என்கிறோம். வைகுண்டம் மாதிரி என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலத்துக்கும் உருபுகளுக்குப் பஞ்சமில்லை. 'லைக்', 'ஆஸ்', 'சிமிலர் டு', சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் 'இஷ்', 'எஸ்க்' என்று நிறைய. தொல்காப்பியம் உவமவியலில் 36 உருபுகளை அடுக்குகிறது. நம்ம பேச்சில் மாதிரி, கணக்கா, ஆட்டம் எல்லாம் உண்டு. உருபு இருக்கும்வரை ஒரு பாதுகாப்பு. 'இது அது இல்லை, அதைப் போன்றது' என்று அது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். உருபு உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணமும் திருச்சிதான்.

19ஆம் நூற்றாண்டில் திருச்சித் தட்டார்கள் செய்த மெல்லிய கம்பிச் சங்கிலிகளுக்கு இங்கிலாந்து வரை பேர் இருந்தது. அதே நூற்றாண்டில் பிரிட்டனின் பழம்பொருள் ஆய்வாளர்கள் கையில் வைக்கிங் காலத்துப் புதையல்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் பக்கம் க்ராய் என்ற இடத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுப் புதையலிலும் பின்னல் வெள்ளிச் சங்கிலி ஒன்று உண்டு. ஒரே கம்பியைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, குழாய் மாதிரி பின்னும் வேலை. பார்ப்பதற்குத் திருச்சிச் சங்கிலி ஞாபகம் வந்தது. 'ட்ரிச்சினாபொலி வேலை' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத் தொல்லியலில் அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது.

சுகர்லோஃப் நடந்த வழிக்கு நேர் எதிர் வழி இது. அங்கே அவர்கள் வீட்டுச் சர்க்கரை நம் பாறைக்குப் பெயரானது. இங்கே நம் சங்கிலி அவர்கள் புதையலுக்குப் பெயரானது. ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாறையைப் பார்த்து யாரும் நக்கிப் பார்க்கப் போவதில்லை. ஸ்காட்லாந்துப் புதையலில் 'திருச்சிச் சங்கிலி' என்று படிப்பவர், அது காவிரிக் கரையிலிருந்து கப்பலேறிப் போனது என்று நினைப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு. அந்தப் பெயருக்குள் இருப்பது ஒரு 'போல' மட்டும்தான். வணிகமோ பயணமோ அதில் இல்லை.

நான் பிழைப்புக்கு எழுதுவது மென்பொருள். தரவுத்தளத்தில் தேடும்போது 'லைக்' என்று கேட்பதும் 'சமம்' என்று கேட்பதும் இரண்டு வேறு கட்டளைகள். ஒன்றின் விடையை இன்னொன்றின் விடையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வரலாற்றில் மட்டும் அதைச் சுலபமாகச் செய்துவிடுகிறோம்.

ஒரு சோதனை சொல்கிறேன். பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் உடல். 'ஒத்த உடலுடையது' என்ற பொருளில் அதிலிருந்து வந்ததுதான் இன்றைய 'லைக்'. 'ஃப்ரெண்ட்லி' என்பதில் வரும் 'லி'யும் அதே உடல்தான். இப்போது தொல்காப்பியத்துக்கு வாருங்கள். உவமை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: வினை, பயன், மெய், உரு. உரு என்றால் நிறம், மெய் என்றால் வடிவம். மெய் என்ற சொல்லுக்கு உடல் என்றும் பொருள்! ஒப்புமையைச் சொல்ல இரண்டு மொழிகளும் உடலைத்தான் பிடித்திருக்கின்றன.

'ஆங்கிலமே தமிழிலிருந்து வந்ததுதான்' என்று ஒரு காணொளி போட இது போதும். ஆனால் இரண்டு மொழிகளுக்கும் நடுவே இந்தக் கருத்து பயணம் செய்த தடம் எதுவும் கிடையாது. மனுஷனுக்கு வடிவம் என்றால் முதலில் தெரிவது தன் உடம்பு. இரண்டு இடத்தில் தனித்தனியாகத் தோன்றப் பெரிய காரணம் தேவையில்லை. கொரிய மொழியில் அம்மாவும் அப்பாவும் நம் சொற்களைப் போல ஒலிப்பதும் அப்படித்தான். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகம் முழுக்க ம, ப, த வகையறாதான்.

அப்படியென்றால் ஒற்றுமையை நம்பவே கூடாதா? நம்பலாம், சாட்சி இருந்தால். அதற்கும் திருச்சியே உதாரணம் தருகிறது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்பது நம் சுருட்டு. ஒலி மட்டும் ஒத்துப்போனதால் சொல்லவில்லை. பொருள் அதே பொருள். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில எழுத்தில் அந்தச் சொல் வருகிறது. அது போன கப்பல் வழி தெரியும். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் திருச்சிச் சுருட்டுக்குத் தனிப் பதிவே இருக்கிறது. அடுத்த வருடமே ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையில் சாம்பலைப் பார்த்துத் திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். கதைதான், ஆனாலும் முறை சரி. புகையிலைச் சாம்பல்களில் 140 வகையைத் தனியே ஆராய்ந்து நூல் எழுதியவராக அவரைக் காட்டுகிறார் கானன் டாயில். மற்றவற்றைத் தள்ளிவிட்டுத்தான் அவர் 'போல'யிலிருந்து 'அதுவே'க்குப் போகிறார்.

இந்தியாவிலிருந்து வடக்கே எதுவும் போனதில்லை என்றும் நான் சொல்லவில்லை. சுவீடனில் ஹெல்கோ தீவில் 1956-ல் ஒரு சின்ன வெண்கலப் புத்தர் கிடைத்தார். துணைக்கண்டத்தின் வடமேற்கில், சுமார் 6ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவர். அங்கே சாட்சி புத்தரே. திருச்சிச் சங்கிலியில் சாட்சி யாரோ வைத்த பெயர்.

அடுத்தமுறை 'அச்சு அசல் நம்மளது' என்று எதையாவது பார்த்தால், காணாமல்போன 'போல'வை முதலில் தேடி ஒட்டவையுங்கள். பிறகு மூன்று கேள்வி: எது முந்தியது? எந்த வழியாகப் போயிருக்கும்? தனியாகத் தோன்றியிருக்க முடியாதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் 'போல'வை எடுத்துவிடலாம். இல்லையென்றால் அது அங்கேயே இருக்கட்டும். அதனால் நம் தட்டார்களின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. எங்கோ கிடைத்த ஒரு நல்ல வேலைப்பாட்டுக்குப் பெயர் வேண்டியபோது, திருச்சிதான் அளவுகோலாக நினைவுக்கு வந்தது.