பிரேக் மங்கல்

பிரேக் மங்கல் என்பது இடைவிடாத பயன்பாட்டால் சூடேறிய பிரேக்கின் நிறுத்தும் திறன் குறைதல் ஆகும். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்கும் மகிழுந்துகளில் இது நேரக்கூடும். ஏறத்தாழ 1,100 மீட்டர் இறங்கும் 1,000 கிலோகிராம் வண்டி இழக்கும் நிலையாற்றல் சுமார் 1.1 கோடி ஜூல். தாழ்ந்த கியரில் இறங்கினால் இதில் ஒரு பகுதியை எந்திரம் ஏற்கும். நியூட்ரலில் இறங்கினால் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகும். எரிபொருள் மிச்சம் என்று அவ்வாறு இறங்குவது வீண் கணக்கு. தற்கால எந்திரங்கள் கியரில் இறங்கும்போது எரிபொருள் செலுத்துவதையே நிறுத்திவிடுகின்றன.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகைக்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசு, ஈரமேறிய பின் 155 பாகை. கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றி, மிதி அழுத்தமின்றி உள்ளே போகும். எனவே பல உற்பத்தியாளர்கள் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றப் பரிந்துரைக்கின்றனர். இச்செலவு பிரேக் வட்டுகளை மாற்றும் செலவைவிட மிகக் குறைவு. சூடான வட்டின் மீது நீர் ஊற்றினால் அது கோணக்கூடும். வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.