பிழைச்செய்திகளின் பின்கதை

மென்பொருள் ஒன்றை அதன் மூலநிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொள்ள முதன்முறை முயல்பவர், மென்பொருளைக் காண்பதற்கு முன் பிழைச்செய்திகளையே காண்கிறார். கட்டளையைத் தட்டியதும் திரையில் நூறு வரிகள் ஓடி, 'எர்ரர்' என்ற சொல்லோடு நின்றுவிடும். தமிழ் மட்டுமே பயின்ற எனக்கும் அது நேர்ந்தது. குறை என் அறிவினுடையதே என்றெண்ணிப் பலமுறை கைவிட்டேன். அச்செய்திகளின் வரலாற்றைப் படித்த பின்னரே, அவற்றுள் பல முன்னொரு காலத்தில் யாரோ எடுத்த முடிவுகளின் எச்சங்கள் என்பது விளங்கிற்று.

'தொகுத்தல்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். 1952-இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர், யூனிவாக் கணினிக்கென ஏ-0 என்னும் நிரலை உருவாக்கி அதனைக் 'கம்பைலர்' என்றழைத்தார். முன்பே எழுதிச் சேமித்த துணைநிரல்களுள் வேண்டியவற்றை எடுத்து ஒன்றாகக் கோப்பதே அதன் பணி. குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவின் வேலையும் ஏறத்தாழ இத்தகையதுதான். 'தொகுப்பி' என்னும் தமிழாக்கம் அவ்வகையில் மிகப் பொருத்தம். இன்றைய தொகுப்பியின் தலையாய வேலையோ மொழிபெயர்ப்பு. கோக்கும் வேலையை 'லிங்கர்' எனப்படும் இணைப்பி செய்கிறது. 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்னும் பிழை அவ்விணைப்பியின் முறையீடு: முதற்குறிப்பு இருக்கிறது, பாடல் கிடைக்கவில்லை. நிரலின் இலக்கணத்தை மீண்டும் மீண்டும் ஆராய்வதால் அங்குப் பயனில்லை. பெரும்பாலும் விடுபட்ட நூலகத்தைக் கட்டளையில் சேர்ப்பதே மருந்து.

ஒரு பிழைக்கு ஐம்பது செய்திகள் வருவதேன்? துளையட்டைக் காலத்தில் நிரலாளர் தம் அட்டைக்கட்டைக் கணினி மையத்தில் ஒப்படைத்துவிட்டு மணிக்கணக்கில், சிலவேளை மறுநாள்வரை காத்திருந்தார். ஒரு காற்புள்ளி தவறினால் ஒரு நாள் போயிற்று. எனவே முதற்பிழையோடு நில்லாமல், ஊகித்து மேலே சென்று, இயன்ற பிழைகளையெல்லாம் ஒரே ஓட்டத்தில் சொல்வது தொகுப்பியின் கடமையாயிற்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965-இல் மாணவர் நால்வர் உருவாக்கிய வாட்ஃபார் என்னும் ஃபோர்ட்ரான் தொகுப்பி, விரைவாலும் தெளிவான பிழைச்செய்திகளாலும் பெயர்பெற்றது அந்தச் சூழலில்தான். ஆனால் ஊகம் தவறும்போது ஓர் உண்மைப் பிழை பல பொய்ப்பிழைகளை ஈனும். காத்திருப்பு ஒழிந்த பின்னும் இவ்வழக்கம் ஒழியவில்லை. ஆதலால் கடைசி வரியை விட்டு, மேலேறி முதற்பிழையைத் தேடிப் படிக்க வேண்டும். அதைத் திருத்தினால் எஞ்சியவற்றுள் பல தாமே மறையும்.

இவ்வரலாற்றில் சுவை மிக்க பகுதி 'மேக்' என்னும் கருவியின் பிறப்பு. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் ஸ்டீவ் ஜான்சன் சினத்தோடு நுழைந்தார். சரியாக இயங்க வேண்டிய நிரலில் வழு தேடி அவர் ஒரு காலைப்பொழுதை இழந்திருந்தார். வழுவை ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மீண்டும் தொகுக்க மறந்திருந்தார். முந்தின நாள் மாலை ஃபெல்ட்மனுக்கும் இதே இடர் நேர்ந்திருந்தது. எந்தக் கோப்பு மாறியது, எதை மீளத் தொகுக்க வேண்டும் என்பதைத் தானே கண்டறியும் கருவியை அவர் ஒரு வார இறுதியில் எழுதினார்.

அதில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில் தொடங்க வேண்டுமென விதித்தார். அப்போது அவருக்குப் புதிதாயிருந்த லெக்ஸ் கருவியைக் கொண்டு எளிதில் முடிந்தது அதுவே. சில வாரங்களில் அவ்விதி தொல்லை என்பது புரிந்தது. ஆயினும் ஏறத்தாழப் பன்னிருவர் அதற்குள் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர், பலரும் நண்பர்கள். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க மனமின்றி விதியை அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிருவருக்குக் காட்டிய பரிவின் விலையை அதன்பின் வந்த தலைமுறைகள் செலுத்துகின்றன. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது டேப் இடைவெளிகளாக மாறிவிட, கண்ணுக்கு எவ்வேறுபாடும் தெரியாத கோப்பு 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று நின்றுவிடுகிறது. எட்டு இடைவெளிகளுக்குப் பதில் டேப் இட எண்ணினீர்களோ என்று குனு மேக் கேட்பதும் உண்டு. டேப்புக்குப் பதில் வேறு எழுத்தை வைத்துக்கொள்ளும் வசதி அதில் 2010-இல்தான் வந்தது.

'கன்ஃபிகர்' நிலையிலேயே நின்றுபோவோர்க்கு ஒரு சொல். 1991-இல் குனு கருவிகள் பலவற்றைப் பேணிவந்த டேவிட் மெக்கென்சி, ஒவ்வொரு யூனிக்ஸ் வகைக்கும் சுமார் இருபது தெரிவுகளைக் கையால் குறிக்கும் சுமையிலிருந்து விடுபட, அவற்றைத் தானே ஊகிக்கும் சிறு நிரலொன்றை எழுதினார்; அதுவே ஆட்டோகான்ஃப் ஆக வளர்ந்தது. இம்முறையில் அமைந்த கன்ஃபிகர், சின்னஞ்சிறு நிரல்களைத் தொகுத்துப் பார்த்தே நம் கணினியை அறிகிறது. தொகுப்பியால் நிரலை உருவாக்க இயலவில்லை என்று அது முறையிட்டால், உண்மைக் காரணம் 'கன்ஃபிக்.லாக்' என்னும் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். திரையில் காண்பது அதன் சுருக்கமே. பலர் அக்கோப்பைத் திறவாமலே கணினியை மூடிவிடுகின்றனர். நானும் அப்படி மூடியவன்.

ஜான்சன் சாமானியர் அல்லர்; நிரல்மொழிகளின் இலக்கணத்தைப் பகுத்தாயும் 'யாக்' என்னும் கருவியை ஆக்கியவர். அவருக்கே ஒரு காலைப்பொழுது வீணாயிற்று. தமக்கு இது வராது என்று இன்றிரவு கணினியை மூடப்போகும் தொடக்கநிலையாளர், அதற்குமுன் முதற்பிழையை ஒருமுறை படித்துவிட்டு மூடலாம்.